இருபத்து நான்கு வயதில் முதல் பாடம்

1884-ம் ஆண்டு. வியன்னாவில் தியோடர் லெஷெட்டிட்ஸ்கியிடம் பியானோ கற்க ஒரு போலந்து இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் இக்னேசி யான் பதெரெவ்ஸ்கி. வயது 24. அந்த வயதில் மற்ற கலைஞர்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருப்பார்கள். இவரோ விரல் பயிற்சிக்கு வந்திருக்கிறார். வாசிக்கக் கேட்ட லெஷெட்டிட்ஸ்கி, திறமை இருக்கிறது, ஆனால் காலம் கடந்துவிட்டது என்றே நினைத்தார்.

காலம் கடந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. பதெரெவ்ஸ்கி 1860-ல் பொடோலியா பகுதியின் குரிலோவ்கா கிராமத்தில் பிறந்தார். இன்று அது உக்ரைனில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. போலந்தை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்குபோட்டுக்கொண்டதால், அப்படியொரு நாடே வரைபடத்தில் இல்லை. அவர் பிறந்த சில மாதங்களில் தாய் இறந்தார். 1863-ல் ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சியின்போது, பண்ணை நிர்வாகியாக இருந்த தந்தையைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள்.

12 வயதில் வார்சா இசைக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே பியானோ உனக்கு ஒத்துவராது என்று சொல்லி டிராம்போன் ஊத வைத்தார்கள். ஆனாலும் 1878-ல் பட்டம் பெற்று, அங்கேயே பியானோ ஆசிரியரானார். 1880-ல் திருமணம். அதே ஆண்டில் மகனைப் பெற்றெடுத்த சில நாட்களில் மனைவி அந்தோனினா கண்மூடினார். மகனுக்கோ தீராத உடற்குறை. பெர்லினுக்குப் போய் இசையமைப்பு கற்றார். மேடை மட்டும் எட்டாமலே இருந்தது. கைகொடுத்தவர் புகழ்பெற்ற நடிகை ஹெலெனா மொட்ஜெயெவ்ஸ்கா. கிராகோவில் அவரும் சேர்ந்து நடத்திக்கொடுத்த ஒரு நிகழ்ச்சியின் வசூல்தான் வியன்னா பயணத்துக்கு வழிசெய்தது.

லெஷெட்டிட்ஸ்கி, செர்னியின் மாணவர். செர்னி, பீத்தோவனின் மாணவர். அந்தப் பரம்பரையில் வந்த குரு, பதெரெவ்ஸ்கியைப் பெரிய படைப்புகளின் பக்கமே விடவில்லை. செர்னியின் விரல் பயிற்சிகளைக் கையில் கொடுத்தார். ஐந்து விரல்களும் ஒரே பலத்தோடு விழ வேண்டும். இழுபறி இல்லாமல் தாளம் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக ஒலிக்க வேண்டும். சிறுவர்களுக்கான பாடத்தை ஒரு கல்விக்கூட ஆசிரியர் தினமும் மணிக்கணக்கில் வாசித்தார். இடையில் பிழைப்புக்காக ஸ்ட்ராஸ்பர்கில் ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு, மறுபடியும் அதே குருவிடம் திரும்பினார்.

பலன் 1888-ல் தெரிந்தது. மார்ச் மாதம் பாரிஸின் எரார் அரங்கில் வாசித்தபோது கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. உடனே இன்னொரு கச்சேரி கேட்டார்கள். ஆனால் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கச்சேரிக்கான உருப்படிகள்தான்! ஊண் உறக்கம் பாராமல் சில வாரங்களில் இரண்டாவது கச்சேரிக்குத் தயாரானார்.

1891 நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அமெரிக்கப் பயணம் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். பியானோவின் கட்டைகள் அவருக்கு மிகவும் கனமாக இருந்தன. இலகுவாக்கித் தரச் சொல்லியிருந்தார். ஒரு தொழில்நுட்பர் அதை மறுபடி பழையபடியே இறுக்கிவிட்டார். ராச்செஸ்டர் நகர மேடையில் பீத்தோவனின் ‘அப்பாஸ்யோனாட்டா’வைத் தொடங்கிப் பலமாகத் தட்டிய கணத்தில் கையில் ஏதோ அறுந்ததுபோல் வலி. வலக்கை மோதிர விரல் செயலிழந்தது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். ஒப்பந்தமோ முடியவில்லை. ஐந்து விரல்களுக்கு எழுதப்பட்டதை நான்கு விரல்களுக்குப் பிரித்துப் பழகி, மீதிக் கச்சேரிகளை வாசித்து முடித்தார்.

பிறவி மேதை என்று விளம்பரங்கள் அவரைக் கொண்டாடின. அது அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வது. வளர்ந்த வயதில், தெரிந்ததையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்கச் சம்மதித்த பணிவுதான் அவரை உருவாக்கியது. அதே பிடிவாதத்தை நாட்டுக்காகவும் காட்டினார். மீண்டும் உயிர்பெற்ற போலந்துக்கு 1919-ல் பிரதமராகி, வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கச்சேரி மேடையே அரசியல் மேடையாக மாறிய அந்தக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)