பாதி புதைந்த வேலி

வேலை விஷயமாக ஹூஸ்டனில் சில மாதங்கள் இருந்தபோது ஒரு சனிக்கிழமை கால்வெஸ்டன் போனேன். ஐம்பது மைல் தூரம், மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டிய சின்னத் தீவு நகரம். எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். நான் ஒரு இரும்பு வேலி முன்னால் நின்றுவிட்டேன்.

ஆஷ்டன் வில்லா என்ற செங்கல் மாளிகையின் வேலி அது. 1859-ல் கட்டியது, அடிமைகளின் உழைப்பும் அதில் உண்டு. இத்தனை பெரிய வீட்டுக்கு இவ்வளவு குட்டையான வேலியா என்று தோன்றியது. விசாரித்தால், வேலி குட்டையில்லை, மீதி மண்ணுக்குள் இருக்கிறது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்ஸாஸின் பருத்தியில் பெரும்பகுதி இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போனது. ஸ்ட்ராண்ட் தெருவில் வார்ப்பிரும்பு முகப்போடு வங்கிகளும் கிடங்குகளும் எழுந்தன. அயர்லாந்தில் பிறந்த நிக்கோலஸ் கிளேட்டன் 1872-ல் இங்கே வந்து ஊரின் முகத்தையே மாற்றினார். 1892-ல் முடிந்த பிஷப்ஸ் பேலஸ், 1891-ல் திறந்த 'ஓல்ட் ரெட்' மருத்துவக் கல்லூரிக் கட்டிடம் எல்லாம் அவர் கைவண்ணம்.

1900 செப்டம்பர் 8-ம் தேதி புயல் வந்தது. குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். அதன்பின் ஊர்க்காரர்கள் செய்ததுதான் ஆச்சரியம். கடலோரம் 17 அடி உயரச் சுவர் எழுப்பினார்கள். அதோடு விடவில்லை, ஊரையே தூக்கினார்கள். 1903-லிருந்து சில வருடங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்களை ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் கடல் மணலைக் குழாய் வழியாக நிரப்பினார்கள். மூவாயிரம் டன் எடையுள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தை 700 ஜாக்கிகள் ஐந்தடி தூக்கின. மண் நிரப்பும் செலவு அரசாங்கத்துடையது, வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது. அதுவரை ஜனங்கள் மரப்பலகைப் பாலங்களில் நடந்தார்கள். தூக்க முடியாத ஆஷ்டன் வில்லாவைச் சுற்றி மண் ஏறியது, வேலி புதைந்தது.

இவ்வளவு பாடுபட்டும் வியாபாரம் திரும்பவில்லை. 1914-ல் ஹூஸ்டனின் கப்பல் கால்வாய் திறந்ததும் பெரிய பணம் அங்கே போய்விட்டது. கிளேட்டன் 1916-ல் வறுமையில் இறந்தார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பணம் தொடர்ந்து வந்திருந்தால் ஸ்ட்ராண்டை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கோபுரங்கள் கட்டியிருப்பார்கள். ஹூஸ்டனில் அதுதானே நடந்தது? இங்கே இடிக்கக்கூட யாரிடமும் காசில்லை. 1970-களில் இதே ஊரில் பிறந்த எரிவாயுத் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செல் பழுதுபார்க்க வந்தபோது, பழுதுபார்க்க ஏதோ மிச்சம் இருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2008-ல் ஐக் புயலின்போது வெள்ளம் சுவர் இல்லாத விரிகுடாப் பக்கமிருந்து ஸ்ட்ராண்டுக்குள் புகுந்தது. சுவர் கட்டியவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் முதுகுப் பக்கமாக வந்தது.

திரும்பும்போது அந்த வேலியை இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். கட்டிடங்களைக் காப்பது அன்பு மட்டுமல்ல, சில சமயம் தோல்வியும்தான் என்று தோன்றியது.