விருந்தாளி நட்சத்திரம்

1054 ஜூலை 4. சீனாவுல சோங் வம்ச ஆட்சி. ராஜாவுக்கு நல்ல சகுனமா கெட்ட சகுனமான்னு வானத்தைப் பார்த்துச் சொல்றதுக்குன்னே அரண்மனையில அதிகாரிகள் உண்டு. அன்னிக்கு ரிஷப ராசிப் பக்கம், அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம்! 'விருந்தாளி நட்சத்திரம்'னு தேதி போட்டு எழுதிட்டாங்க. 23 நாள் பட்டப்பகல்லயே தெரிஞ்சுது. 1056 ஏப்ரல்ல அது மறைஞ்சதையும் விடாம குறிச்சாங்க.

1731-ல ஜான் பெவிஸ்ங்கற இங்கிலாந்துக்காரர் அதே பகுதியில ஒரு மங்கலான மேகத்தைப் பார்த்தார். இன்னிக்கு அதுக்குப் பேர் நண்டு நெபுலா. அது விரிஞ்சுகிட்டே இருக்குன்னு 1921-ல தெரிஞ்சுது. 1928-ல எட்வின் ஹபிள் அந்த வேகத்தை வச்சுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். வயசு சுமார் 900 வருஷம். விருந்தாளி வந்துட்டுப் போன காலம்! 1968-ல அதுக்கு நடுவுல, செகண்டுக்கு 30 தடவை சுத்தற பல்சரும் சிக்குச்சு. வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்சம்.

நம்ம பொட்டி தட்டற தொழில்ல லாக் எழுதறதுன்னா எல்லாருக்கும் கசப்பு. அந்த அதிகாரிகளுக்கு சூப்பர்நோவான்னா என்னன்னே தெரியாது மக்களே. சகுனம்னு நினைச்சுதான் எழுதினாங்க. ஆனா தேதியோட எழுதினாங்க பாருங்க, அது இல்லேன்னா ஹபிளோட 900 வெறும் உத்தேசக் கணக்காவே நின்னிருக்கும்.