உலகக் கிண்ணத்தைத் தவறவிட்ட இத்தாலியும் நெளுக்குளத்து ரசிகரும்: தொலைதூரப் பற்று குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

2018, 2022 ஆகிய இரு உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தொடர்களுக்கும் இத்தாலி தகுதி பெறவில்லை. நான்கு முறை கிண்ணம் வென்ற அந்த அணிக்காக வவுனியா மாவட்டத்து நெளுக்குளம் போன்ற ஊர்களின் ரசிகர்களும் வருந்தினார்கள். அவ்வருத்தத்தைத் தொலைக்காட்சி ஊட்டிய இரவல் உணர்ச்சி என்று ஒதுக்கும் பார்வையை இக்கட்டுரை மறுக்கிறது. அறிந்த பெயர்கள், ஒழுங்காகத் திரும்பி வரும் ஆட்டங்கள், கூடிப் பார்த்த காலம் ஆகிய மூன்றுமே ரசிகப்பற்றை உருவாக்குகின்றன. குடியுரிமைக்கு அதில் இரண்டாம் இடமே உண்டு என்பது இதன் வாதம். 2023இல் இலங்கை உதைபந்தாட்டம் சர்வதேசத் தடைக்கு உள்ளானபோது நிலவிய மௌனம் இவ்வாதத்தின் மறுபக்கச் சான்றாக ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உதைபந்தாட்டம், ரசிகப்பற்று, வன்னி, புலம்பெயர்வு, தகுதிகாண் சுற்று

1. அறிமுகம்

நெளுக்குளம் வவுனியா நகரை அண்டி மன்னார் வீதியில் அமைந்த ஊர். வன்னியின் பெரும்பாலான ஊர்களைப் போலவே அதுவும் குளத்தின் பெயரால் அறியப்படுவது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் வன்னிப் பெருநிலத்திலிருந்து வந்த மக்களுக்கு வவுனியாவின் பாடசாலைகள் தங்குமிடங்களாயின. நெளுக்குளம் கலைமகள் மகா வித்தியாலயமும் அவற்றுள் ஒன்று. கிரிக்கெட்டே தேசிய விளையாட்டுப் போலக் கொண்டாடப்படும் நாட்டில், வடக்கின் கிராமங்களில் உதைபந்துக்குத் தனியிடம் உண்டு. ஒரு பந்தும் ஒரு வெளியும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். உலகக் கிண்ணக் காலத்தில் பிரேசில், ஆர்ஜென்டினா, ஜேர்மனி என்று ஊர் பிரிந்து நிற்கும். இத்தாலி ரசிகர் தொகையில் சிறியவர்கள், பிடிவாதத்தில் பெரியவர்கள்.

இந்தச் சிறு கூட்டமே இக்கட்டுரையின் பொருள். தம் அணி ஆடித் தோற்பதைக் காண்பது ஒரு துன்பம். தம் அணி இல்லாமலேயே தொடர் தொடங்குவதைக் காண்பது வேறொரு துன்பம். இரண்டாவது வகை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு.

2. இரு தோல்விகளின் தன்மை

1958க்குப் பிறகு இத்தாலி இல்லாத முதல் உலகக் கிண்ணம் 2018இல் வந்தது. 2017 நவம்பர் 10 அன்று சொல்னாவில் சுவீடனின் ஜேக்கப் யோகான்சன் உதைத்த பந்து இத்தாலி நடுக்கள வீரர் டி ரொசியின் மேல் பட்டுத் திசைமாறிக் கோலானது. மூன்று நாள் கழித்து மிலானின் சான் சீரோவில் இத்தாலியால் ஒரு கோலும் போட முடியவில்லை. அவ்வாட்டத்தில் உடலைச் சூடேற்றும்படி டி ரொசியிடம் சொல்லப்பட்டபோது, வெல்ல வேண்டிய ஆட்டத்தில் தன்னை ஏன் இறக்குகிறீர்கள் என்ற தோரணையில் அவர் முன்கள வீரரான இன்சீனேயைச் சுட்டிக் காட்டினார். முடிவில் 39 வயது கோல் காப்பாளர் புஃபோன் அழுதபடி விடைபெற்றார்.

இரண்டாம் தோல்வி இன்னும் கடுமையானது. 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் இங்கிலாந்தை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கிய அணி அது. தகுதிகாண் சுற்றில் சுவிற்சர்லாந்துக்கு எதிரான இரு ஆட்டங்களிலும் ஜோர்ஜினியோ தண்ட உதையைத் தவறவிட்டார். அவற்றில் ஒன்று உள்ளே போயிருந்தாலும் கதை மாறியிருக்கும். குழுவில் இரண்டாமிடம் பெற்ற இத்தாலி, 2022 மார்ச் 24 அன்று பலெர்மோவில் வட மசிடோனியாவைச் சந்தித்தது. கோலை நோக்கி 32 முறை உதைத்தும் பலனில்லை. 92ஆவது நிமிடத்தில் வட மசிடோனியாவின் திரைகோவ்ஸ்கி தொலைவிலிருந்து அடித்த ஒரே அடியில் எல்லாம் முடிந்தது. அவர் அதற்கு முன் நான்கு பருவங்கள் பலெர்மோ கழகத்துக்காக அதே மைதானத்தில் ஆடியவர்.

அவ்வாட்டம் இலங்கை நேரப்படி அதிகாலை 1.15க்குத் தொடங்கியது. அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் நாளுக்கு ஏழரை மணி நேரமாக இருந்த மின்வெட்டு, மாத முடிவில் 13 மணி நேரத்தைத் தொட்டது. எரிபொருள் நிரப்பு நிலையங்களில் வரிசைகள் நீண்டு கிடந்தன. அப்படிப்பட்ட காலத்தில் கண்விழித்து, கைத்தொலைபேசித் திரையிலாவது ஓர் ஆட்டத்தைப் பார்ப்பவரைப் பொழுதுபோக்கு நாடுபவர் என்ற சொல்லுக்குள் அடக்க இயலாது.

3. துயரமும் அதற்குக் கிடைத்த மறுமொழியும்

ரசிகர் பேச்சில் மூன்று நிலைகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, தொடரின் தகுதியையே கேள்வி கேட்பது: “இத்தாலி இல்லாத வேர்ல்ட் கப் என்ன வேர்ல்ட் கப்?” இரண்டாவது, கணக்கைத் திரும்பத் திரும்ப எண்ணுவது: “முப்பத்திரண்டு அடி அடிச்சும் ஒண்டும் உள்ளுக்குப் போகேல்லையே.” மூன்றாவது, பயிற்றுநரைக் குற்றஞ்சாட்டுவது. 2017இல் வெந்தூரா, 2022இல் மன்சினி. நெருங்கிய ஒருவரை இழந்த வீட்டிலும் இதே பேச்சுகள் எழுவதுண்டு: நம்ப மறுத்தல், நடந்ததை மீட்டுப் பார்த்தல், பழியை ஓரிடத்தில் இறக்கி வைத்தல்.

ஆனால் இழவு வீட்டுக்குக் கிடைக்கும் ஆறுதல் இந்த ரசிகருக்குக் கிடைப்பதில்லை. “அவங்கள் தோத்தா உனக்கென்ன?” என்பதே அவர் கேட்கும் முதல் மறுமொழி. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் அங்கீகாரம் பெறாத துயரம் என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். துக்கப்படும் உரிமையைச் சமூகம் ஒருவருக்கு மறுக்கும்போது அத்துக்கம் ஆறாமல் உள்ளுக்குள் தங்கிவிடுகிறது என்பது அதன் சாரம். பெருந்துயரங்களைக் கண்ட வன்னியில் இம்மறுப்பு கூடுதல் வலுப் பெறுகிறது. பிள்ளைகளை, காணிகளை, ஊர்களை இழந்தவர்கள் நடுவே ஓர் அணிக்காக வருந்துவது தகுமா என்ற கேள்வி நேர்மையானது. அதற்கு நேரான பதில்: சிறிய துயரத்துக்கு இடமளிப்பதால் பெரிய துயரம் அவமதிக்கப்படுவதில்லை. விளையாட்டுத் தோல்விக்காக வருந்த முடிகிற வாழ்வே மக்கள் இழந்து மீண்டும் கட்டியெழுப்பும் இயல்பு வாழ்வு.

4. வெற்றியின் பின்னால் ஓடுபவர்களா?

தொலைதூர ரசிகர் வெல்பவரோடு ஒட்டிக்கொள்பவர் என்ற குற்றச்சாட்டு உண்டு. ரொபேர்ட் சியால்டினியும் அவரது குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், தம் பல்கலைக்கழக அணி வென்ற பிறகு மாணவர் அதன் சின்னம் பொறித்த உடைகளை அதிகம் அணிவதைக் காட்டினார்கள். பிறர் புகழில் குளிர்காயும் இயல்பு மனிதருக்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

இத்தாலி ரசிகருக்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் பிரான்சை வென்ற பிறகு, உலகக் கிண்ணத்தில் இத்தாலி குழுநிலையைத் தாண்டியதே இல்லை. 2010இல் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. 2014இல் இங்கிலாந்தை மட்டும் வென்றது. பிறகு வந்த இரு தொடர்களில் ஆடவே இல்லை. குளிர்காய்வதற்கு அங்கே புகழ் எஞ்சியிருக்கவில்லை. அணி மாறுவதற்குத் தடையும் இல்லை. நெளுக்குளத்தில் பிரேசில் கொடிக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நின்றவர்கள் நின்றார்கள்.

காரணத்தைக் காலத்தில் தேட வேண்டும். 2006 கோடை, போர்நிறுத்தம் நடைமுறையில் குலைந்த கோடை. இத்தாலி அணித்தலைவர் கனவாரோ கிண்ணத்தைத் தூக்கிய அடுத்த மாதம் முகமாலையில் போர் வெடித்தது. யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்டது. அவ்வாண்டு 12 வயதாக இருந்த சிறுவனுக்கு 2017இல் 23 வயது. இடையில் அவன் கடந்தவை பல. புஃபோன், கனவாரோ, பிர்லோ, டி ரொசி என்ற பெயர்கள் அவனுக்கு அண்ணன்மாரோடு சேர்ந்திருந்து ஆட்டம் பார்த்த ஒரு காலத்தின் பெயர்கள். அணி வெளியேறும்போது அக்காலத்துக்குப் போகும் வழியும் அடைபடுவது போலிருக்கிறது. அழுகையின் அளவு இங்கேதான் விளங்குகிறது.

5. பலெர்மோ: தோல்வி நிகழ்ந்த ஊரில் தமிழர்

2022 தோல்வி நிகழ்ந்த பலெர்மோ, இத்தாலியில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் நகர்களில் ஒன்று. பெரும்பாலோர் 1980களிலிருந்து அங்கு சென்று வீட்டுப் பணிகளில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். பெல்லெகிரினோ மலையில் உள்ள புனித ரொசாலியா திருத்தலத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கரோடு சைவர்களும் நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள். அதே மலையின் அடிவாரத்தில்தான் திரைகோவ்ஸ்கி கோல் போட்ட ரென்சோ பார்பெரா மைதானம் இருக்கிறது.

இத்தாலியில் பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகள், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொடர்ந்து அங்கேயே வாழ்ந்திருந்தால் 18 வயதான பிறகே தம் பிறப்பை வைத்துக் குடியுரிமை கோரலாம். அதற்குள் அப்படிப் பிறந்த ஒரு பிள்ளை இத்தாலியின் நீலச் சட்டையை எத்தனையோ முறை அணிந்திருப்பான். அரசு அவனை ஏற்கும் முன்பே அவன் அணியை ஏற்றுவிடுகிறான். பற்று குடியுரிமைக்கு முந்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

6. 2023இன் மௌனம்

இனி மறுபக்கம். 2023 ஜனவரி 21 அன்று, மூன்றாந்தரப்புத் தலையீட்டைக் காரணங்காட்டி, ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் முடிவில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கைக்கு இடமில்லாமல் போனது. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று இதே கிண்ணத்தைப் பெற்ற நாடு இது. அக்டோபரில் உலகக் கிண்ண முதற்சுற்றில் யேமனிடம் 0-3 எனத் தோற்று, அடுத்த ஆட்டத்தை 1-1 எனச் சமப்படுத்தி வெளியேறியது.

அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. கிரிக்கெட் உலகக் கிண்ணத் தோல்விகளால் அதற்கு முன்னரே நாடு கொதித்துப் போயிருந்தது. கிரிக்கெட் நிர்வாகத்துக்கு எதிராக நாடாளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. உதைபந்தாட்டத் தடைக்கு அந்தக் கொதிப்பின் சிறு பங்கும் கிட்டவில்லை. வன்னியிலும் இதே நிலைதான். இத்தாலிக்காக விடியும்வரை வாதிட்டவர்களிடையே இலங்கை அணியின் விலக்கு பேசுபொருளாகவில்லை.

நாட்டுப்பற்றின்மை என்று இதை வாசிப்பது எளிது, ஆனால் தவறு. ஒரு தேசம் பெயர் தெரிந்த பதினொரு பேரின் உருவில் மக்களுக்கு மெய்யாகிறது என்பது வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போமின் கருத்து. அந்தப் பதினொரு பெயர்களும் தெரியாதபோது தேசம் எப்படி மெய்யாகும்? இலங்கை அணி எப்போது ஆடும், எங்கே ஆடும், எந்த அலைவரிசையில் பார்க்கலாம் என்று ரசிகர் முன்கூட்டி அறிவது அரிது. இத்தாலியின் ஆட்டம் ஒழுங்காக வருகிறது. சொந்த நாட்டின் ஆட்டம் வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. வன்னிப் பையன் ஒருவன் தேசிய அணிக்குச் செல்லும் பாதையும் ஊர்க்காரருக்குப் புலப்படுவதில்லை. 2018இல் நடந்த வடக்குக் கிழக்குப் பிரிமியர் லீக்கில் வன்னி மாவட்டங்களின் சார்பிலும் அணிகள் களமிறங்கின. தம் மாவட்டத்தின் பெயர் சட்டையில் இருந்தபோது மக்களுக்கு அங்கே ஒரு பங்கு கிடைத்தது. அத்தகைய முயற்சிகள் ஆண்டுதோறும் நிலைத்தால்தான் பற்று வேர்விடும்.

7. முடிவுரை

நெளுக்குளத்து ரசிகரின் துயரம் இரவல் துயரம் அன்று. அறிந்த பெயர்களிலிருந்தும், தவறாமல் திரும்பி வந்த ஆட்டங்களிலிருந்தும், கூடியிருந்து பார்த்த ஒரு காலத்திலிருந்தும் அது பிறந்தது. இம்மூன்றையும் இத்தாலி தொலைவிலிருந்தே அளித்தது; இலங்கை அருகிலிருந்தும் அளிக்கவில்லை.

2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் இறுதிக் கட்டத்துக்கு இலங்கை முன்னேறியது. ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த வீரர்கள் அவ்வணிக்கு வலுச் சேர்த்தார்கள். வெளிநாட்டில் வளர்ந்தவர்களைத் தேடிய அதே அக்கறை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மைதானங்களின் பக்கமும் திரும்ப வேண்டும். தேசிய அணியின் பயிற்சி ஆட்டங்கள் வடக்கில் நடக்கட்டும். தெரிவுக் குழுவினர் பாடசாலைப் போட்டிகளுக்கு நேரில் வரட்டும். ஆட்ட அட்டவணை தமிழிலும் முன்கூட்டியே வெளிவரட்டும். தன் அணி தோற்றால் வன்னி மக்கள் அழ வேண்டும் என்று விரும்பும் சம்மேளனம், அந்த அணியில் அவர்களுக்கு முதலில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும்.