மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி: சிட்லபாக்கம் ஏரியும் கருத்துக் கேட்கும் கடமையும்

ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலை ஓர் அடி உயர்த்திக் கட்டினால் கோடையில் கூடுதலாக நீர் நிற்கும். மழைக்காலத்தில் கரையை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறும். ஓர் அடி தாழ்த்தினால் தெருக்கள் தப்பும். ஆனால் வெள்ளம் முன்கூட்டியே கீழே இருக்கும் ஏரிக்குப் போய்ச் சேரும், சித்திரையில் இங்கே தரை தெரியும். இதில் எதைத் தேர்ந்தாலும் ஒருவருக்கு நன்மை, மற்றொருவருக்குச் சுமை. ஆனால் அரசுக் கோப்பில் இந்தத் தேர்வு ஒரு முடிவாகவே தெரிவதில்லை. மதிப்பீட்டின் உள்பக்கத்தில் மட்டத்தைக் குறிக்கும் ஓர் எண்ணாகக் கிடக்கிறது.

எந்த முடிவுக்கு ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும், எதை மன்றமும் அலுவலர்களும் முடித்துக்கொள்ளலாம் என்ற கேள்வியை இந்த எண்ணிலிருந்து தொடங்க விரும்புகிறேன். நம் சட்டங்கள் முடிவின் கனத்தைப் பார்த்துக் கேட்கச் சொல்வதில்லை, முடிவின் பெயரைப் பார்த்தே சொல்கின்றன என்பது என் வாதம். ‘வரி’ என்றால் கேட்க வேண்டும். ‘முழுமைத் திட்டம்’ என்றால் கேட்க வேண்டும். ‘பணி’ என்று பெயர் வைத்துவிட்டால் வேண்டியதில்லை. அதனால் மாற்ற முடியாததைப் பற்றி ஊரைக் கேட்கிறோம். மாற்றக்கூடியதைப் பற்றிக் கேட்காமல் விடுகிறோம்.

முதலில் வரி. 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சி மானியத்தைச் சொத்து வரிச் சீரமைப்போடு பிணைத்தது. 2022 மார்ச் இறுதியில் தமிழக அரசு உயர்வை அறிவித்தது. சிறிய குடியிருப்புகளுக்கு 25 விழுக்காட்டில் தொடங்கிப் பரப்புக்கு ஏற்ப ஏறும் அட்டவணை அது. அதன் பிறகே நகர மன்றங்கள் தீர்மானம் போட்டு, மக்களிடம் ஆட்சேபணை கேட்டன. ஆட்சேபணை எழுதியவர் எத்தனை பேராக இருந்தாலும் மானியத்தின் நிபந்தனை மாறாது. விழுக்காட்டைக் குறைக்கும் துணிவு எந்த மன்றத்துக்கும் எளிதில் வராது. சட்டப்படி கேட்டாயிற்று. ஆனால் கேட்கும்போது முடிவு இறுகிப் போயிருந்தது.

இதற்கு நேர் எதிர் தாம்பரம் வட்டாரத்தில் உள்ள சிட்லபாக்கம் ஏரி. ஒரு காலத்தில் 80 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த ஏரி, குடியிருப்பும் சாலையும் அரசுக் கட்டடங்களும் நெருக்கிப் பாதியளவுக்குச் சுருங்கியது. ஏரி நிலத்திலேயே குப்பை கொட்டப்பட்டது. 2015 வெள்ளத்தில் இப்பகுதித் தெருக்கள் மூழ்கின. 2019 கோடையில், சென்னையே குடிநீருக்கு அல்லாடிய அந்த ஆண்டில், குடியிருப்பவர்களே மண்வெட்டியோடு இறங்கித் தூர் அள்ளினார்கள். அதே ஆண்டு அரசு 25 கோடி ரூபாய் செலவில் ஏரியைச் சீரமைக்கும் திட்டத்தை அறிவித்தது. மக்கள் மனு கொடுத்தார்கள், அலுவலர்களைச் சந்தித்தார்கள், நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் குரல் எட்டியது அவர்களுடைய விடாமுயற்சியால். கேட்டே ஆகவேண்டும் என்று அரசைக் கட்டிய விதி எதுவும் இல்லை.

ஏன் இல்லை? ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பு. அன்றைய பேரூராட்சி மன்றத்துக்கோ இன்றைய மாநகராட்சிக்கோ அதன் மட்டத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை அட்டவணையில் உள்ள திட்டங்களுக்கே பொருந்தும். பெரிய கட்டுமானத் திட்டங்களுக்குக்கூட அது பொதுக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு தருகிறது. மிச்சம் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புடைய எல்லா விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது அது. நல்ல பிரிவு. ஆனால் வெளியிடுவது வேறு, கேட்பது வேறு.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள், ஐந்து மண்டலங்கள். அடுத்த ஆண்டு வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடியபோது, இதே மாநகராட்சியின் பம்மல் பகுதியில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து 29 ஆண்டுகள் கழித்து நகரத்து வாக்காளருக்குக் கிராம சபையைப் போன்ற ஓர் இடம் கிடைத்தது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

தாம்பரம் வட்டாரத்தில் ஒரு பகுதி சபையில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு பெண்மணி எழுந்து, தெருமுனை விளக்கு எரியாமல் மூன்று வாரமாகிறது என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்து நாய்த் தொல்லை. அடுத்து பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடாத பள்ளம். முதியவர் ஒருவர், மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் சரிவாகப் போகிறது என்று கேட்டார். அது ஒப்பந்தப்புள்ளி முடிந்துபோன வேலை என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று எழுந்த கேள்விகளில் ஊரின் நாளையைத் தொட்டது அது ஒன்றுதான். அதற்குத்தான் காலம் கடந்திருந்தது.

இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு கன்னிங் வழக்கில் முன்வைக்கப்பட்ட நெறிகளுள் முதலாவது இதைத்தான் பேசுகிறது: முடிவு உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கருத்துக் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதற்கு நியூசிலாந்து ஒரு வழி கண்டது. அங்கே 2002ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு மன்றமும் ஒரு முடிவின் முக்கியத்துவத்தை எப்படி அளப்போம், எந்த அளவுக்கு எப்படிக் கேட்போம் என்பதை முன்கூட்டியே கொள்கையாக எழுதி வைக்க வேண்டும் என்று ஆனது. மன்றம் கருதும் முதன்மைச் சொத்துகளின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. எதைக் கேட்கப் போவதில்லை என்பதும் மக்களுக்கு முதலிலேயே தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டால் வேலை நடக்காது என்று பொறியாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தூர் வார நமக்குக் கிடைப்பது கோடை மட்டும். அதை விட்டால் ஓராண்டு போய்விடும். ஆகவே அளவுகோல் கறாராக இருக்க வேண்டும். தொகையை அளவுகோலாக்குவதை நான் ஏற்கவில்லை. பல கோடிக்குத் தார்ச்சாலை போட்டால் ஐந்தாறு ஆண்டில் மறுபடி போடப் போகிறோம். சில லட்சத்தில் ஒரு போக்குக் கால்வாயின் மேல் தளம் போட்டு மூடினால், அதன்மேல் கடையும் வீடும் வந்த பின் யாரும் திறக்க முடியாது. திரும்பப் பெற முடியாத முடிவா என்பது முதல் சோதனை. முடிவெடுப்பவருக்கு வாக்களிக்காதவர் சுமையை ஏற்கிறாரா என்பது இரண்டாவது.

இந்த இரண்டாவது சோதனையில்தான் வார்டு எல்லை தோற்றுப்போகிறது. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போய், நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைகிறது. 2019இல் சிட்லபாக்கம் பேரூராட்சி, செம்பாக்கம் நகராட்சி. இன்று இரண்டும் ஒரே மாநகராட்சி. நன்மங்கலம் கிராம ஊராட்சி, பள்ளிக்கரணை 2011 முதல் சென்னை மாநகராட்சி. கலங்கலின் மட்டம் நான்கு ஊரைத் தொடுகிறது. பகுதி சபையோ சில தெருக்களோடு முடிந்துவிடுகிறது.

யாரைக் கேட்பது என்பதில் இன்னொரு சிக்கல். குடியிருப்போர் நலச் சங்கங்கள் இல்லாமல் இந்த ஏரி இன்று ஏரியாக இருந்திருக்காது. அந்தக் கடன் இவ்வூருக்கு உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலும் பேசுவது சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர் அங்கே அரிது. பதிவேட்டில் ஏரி என்றிருக்கும் நிலத்தில் பத்திரமில்லாமல் குடியேறி, ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரோடு வாழ்பவர் அங்கே வரவே முடியாது. கரையைப் பலப்படுத்தும் முடிவில் வீட்டையே இழக்கக்கூடியவர் அவர். அவரும் அடுக்குமாடிச் சொந்தக்காரரும் சமமாக உறுப்பினராக இருக்கும் ஒரே மன்றம், வாக்காளர் என்ற தகுதியை மட்டும் கேட்கும் பகுதி சபைதான். அதனால் அதை ஒதுக்கிவிட்டு வேறு கூட்டம் கூட்டச் சொல்லவில்லை. நீர் போகும் வழியில் இருக்கும் சபைகளைச் சேர்த்துக் கூட்டச் சொல்கிறேன்.

இதற்குப் புதுச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டாம். ஏரி, கால்வாய், குப்பைக் கிடங்கு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இவற்றைத் தொடும் எந்தப் பணிக்கும் மதிப்பீடு தயாரிக்கும் முன் பகுதி சபைகளின் கருத்தைப் பெறுவோம், பிற துறையின் பணியானால் அக்கருத்தைத் தீர்மானமாக அத்துறைக்கு அனுப்புவோம் என்று மாமன்றம் ஒரு தீர்மானம் போடலாம். நாளும் தயாராக இருக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். அன்று நன்மங்கலத்தில் கிராம சபை கூடும். அதே நாளில் சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் பகுதி சபையைக் கூட்டலாம். வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும். ஏரியில் நீர் எதுவரை நிற்கிறது, எந்தத் தெருவில் ஏறியிருக்கிறது என்று காட்ட வரைபடம்கூடத் தேவைப்படாது. அன்று கேட்டு எழுதிக்கொண்டால், தை மாதத்தில் மதிப்பீடு, பங்குனியில் வேலை.