செய்தி தருபவர் யார்?

மாதுங்காவிலும் செம்பூரிலும் காலைக் காப்பியோடு நாளிதழை விரிக்கிறோம். தொலைநாட்டுப் போர்ச் செய்தியின் தலையில் ஏதேனும் ஒரு செய்தி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அச்செய்தியைக் கண்ணால் கண்டவர் யார், சாட்சிகளைத் தேடிப் பிடித்தவர் யார், அவர்தம் சொல்லை மொழிபெயர்த்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலும் அவர் அந்த ஊர்க்காரரே. இதனை நம் நகரின் வரலாறே நமக்குக் கற்பிக்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியச் செய்தியை உலகுக்குக் கொண்டுசென்றது லண்டன் ராய்ட்டர் நிறுவனம். கே. சி. ராய் என்னும் இந்தியர் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா, பின்னர் அதன் கிளையாயிற்று. செய்தி திரட்டும் உழைப்பில் நம்மவர் பங்கு பெரிது; எது வெளியே போகலாம் என்னும் முடிவோ பிறர் கையில் இருந்தது. அரசாங்கத் தணிக்கையும் அதனோடு சேர்ந்துகொண்டது. 1919 ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலா பாகில் நடந்த கொடுமையின் முழு விவரம் இங்கிலாந்து மக்களை எட்ட டிசம்பர் ஆயிற்று.

இக்குறையை நீக்க முனைந்தவர் தமிழரான எஸ். சதானந்த். 1920-களில் அவர் பம்பாயில் 'ஃபிரீ பிரஸ் ஆஃப் இந்தியா' என்னும் சுதேசிச் செய்தி நிறுவனத்தை நிறுவினார். 'ஃபிரீ பிரஸ் ஜர்னல்' நாளேட்டையும் தொடங்கினார். பத்திரிகைச் சட்டங்கள் பாய்ந்தன; ஜாமீன் தொகைகள் பறிபோயின. நிறுவனம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது, எண்ணம் ஓயவில்லை. 1947-இல் சென்னையில் பதிவான பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவைத் தோற்றுவித்தோருள் சதானந்தும் ஒருவர். 1949-இல் அது ராய்ட்டரின் கிளையிடமிருந்து உள்நாட்டுச் செய்திப்பணியை ஏற்றுக்கொண்டது.

சதானந்த் இழந்தது பொருள். உயிரையே இழந்தவரும் உளர். அயல்நாட்டு நிருபர் செய்தியை அனுப்பிவிட்டு ஊர் திரும்பலாம். உள்ளூர் நிருபரோ அதே தெருவில் வாழவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்குச் செய்தி தந்துவந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை.

2023 அக்டோபரில் மூண்ட காசாப் போரிலும் இதே நிலையைக் கண்டோம். வெளிநாட்டு நிருபர்கள் தாமாக உள்ளே செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. உலகம் கண்ட காட்சிகளைப் பெரும்பாலும் பாலஸ்தீன நிருபர்களே எடுத்தனுப்பினர். தம் வீடு இடிந்த நாளிலும் அவர்கள் செய்தி அனுப்பினர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

உள்ளூரார் ஒருபக்கம் சார்வர் என்று ஐயுறுவோர் உண்டு. செய்தியைச் சரிபார்ப்பது யாவர்க்கும் பொதுவான கடமை. ஆயின், ஒருவர் தரும் செய்தியை ஏற்றுக்கொண்டு அவர் பெயரை மறைப்பது நீதியாகாது. நாளைக் காலை நாளிதழை விரிக்கையில், நிறுவனத்தின் பெயரோடு நிருபரின் பெயரையும் தேடுவோமாக.