அளவுச் சொல்லைத் தாண்டிச் சென்ற ஆங்கில வினை

ஆங்கிலத்தில் 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்று தொடங்கும் வாக்கியம் 'ஆர்' என்ற பன்மை வினையை ஏற்கும். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்று தொடங்கினால் 'இஸ்' என்ற ஒருமை வினை வரும். இரண்டிலும் 'நம்பர்' ஒருமைப் பெயர்தான். இந்த வேறுபாட்டை இலக்கண ஆசிரியர்கள் உருவாக்கவில்லை. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பேச்சில் அதன் வேர் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் அளவுச் சொற்கள் பல, பெயர்ச்சொற்களாகவே வழங்கின. 'பல' என்று பொருள்படும் 'ஃபெலா', ஆயிரத்தைக் குறித்த 'தூசெண்ட்' ஆகியவற்றை அடுத்து வரும் பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நிற்கும். ஆயிரம் பேர் என்பதை 'மனிதர்களின் ஓர் ஆயிரம்' என்ற அமைப்பில் சொன்னார்கள். வடிவத்தில் ஆயிரமே தலைமைச் சொல். பொருளிலோ மனிதர்களே முதன்மை. வினை எதைப் பின்பற்றுவது என்ற இழுபறி அப்போதே தொடங்கிவிட்டது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்புகளில் டேனியப் படையைக் குறிக்கும் 'ஹெரே' ஒருமைச் சொல். படை புறப்பட்டது என்னுமிடத்தில் வினை ஒருமையாக இருக்கும்; வாக்கியம் நீண்டு, கொள்ளையிட்டதைச் சொல்லும்போது பன்மைக்கு மாறிவிடும். இதை எழுத்தரின் கவனக்குறைவு என்று தள்ள முடியாது. பகுதி என்று பொருள்படும் 'பார்ஸ்' என்ற ஒருமைச் சொல்லுக்கு லத்தீன் வரலாற்றாசிரியர்களும் பன்மை வினை தந்திருக்கிறார்கள்.

பின்னர் வேற்றுமை உருபுகள் தேய்ந்தன. 'மனிதர்களின் ஆயிரம்' வெறும் 'ஆயிரம் மனிதர்' ஆனது. தலைமைச் சொல்லாக இருந்த ஆயிரம் அடையாக இறங்கியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சிலிருந்து வந்த 'டஸன்' இதே வழியில் நடந்து, இடையில் இருந்த 'ஆஃப்' என்பதையும் உதிர்த்தது. 'நம்பர்' அந்தச் சொல்லை விடவில்லை. ஆனால் 'எ' முன்னால் நின்றபோது எண்ணிக்கை என்ற பொருள் மங்கி, 'பல' என்ற பொருள் ஊன்றியது. வினை பின்னால் நின்ற பெயரோடு சேர்ந்துகொண்டது. 'தி நம்பர்' எண்ணிக்கையையே சுட்டியதால் ஒருமையில் நிலைத்தது.

இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும் சொல் 'லாட்'. முதலில் அது திருவுளச்சீட்டுப் போலக் குலுக்கி எடுக்கும் மரத்துண்டு. பிறகு அப்படிக் கிடைத்த பங்கு. அதன்பின் ஏலத்தில் ஒன்றாக விற்கும் பொருள்களின் தொகுதி. 19ஆம் நூற்றாண்டில் 'எ லாட் ஆஃப்' என்பது 'நிறைய' என்ற பொருளில் பரவலானது. வேலை நிறைய என்றால் 'இஸ்', ஆட்கள் நிறைய என்றால் 'ஆர்': 'லாட்' தன் எண்ணையே முற்றிலும் இழந்துவிட்டது.

1762இல் பெயர் குறிப்பிடாமல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத், பின்னாளில் லண்டன் ஆயரானவர். வறட்டு விதிகளின் தந்தை என்று அவரைப் பழிப்பது வழக்கம். இந்த இடத்தில் அந்தப் பழி அவருக்குப் பொருந்தாது. கூட்டத்தைக் குறிக்கும் பெயர் ஒருமை, பன்மை இரண்டையும் ஏற்கும் என்றும், ஒன்றாகக் கருதுகிறோமா பலவாகக் கருதுகிறோமா என்பதைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். பென்சில்வேனியாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லிண்ட்லி மர்ரே, யார்க் நகரப் பெண்கள் பள்ளிக்காக எழுதி 1795இல் வெளியிட்ட நூல் இதே கருத்தை அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பரப்பியது.

கரைகள் பின்னர் ஓரளவு பிரிந்தன. குழு, அரசு, அணி போன்ற சொற்களுக்கு அமெரிக்கர்கள் ஒருமையை உறுதியாகப் பிடித்தார்கள். பிரிட்டனில் பன்மையும் தொடர்கிறது. 'எ நம்பர் ஆஃப்', 'எ லாட் ஆஃப்' ஆகியவற்றில் மட்டும் இரு நாட்டாருக்கும் வேறுபாடில்லை.

இந்திய வகுப்பறைகளுக்கு இந்த மரபை இலக்கண ஆசிரியர் நெஸ்ஃபீல்டின் நூல்களும், 1930களில் வந்த ரென், மார்ட்டின் இலக்கணமும் கொண்டுவந்தன. தேர்வுக்காக அது 'எ' என்றால் பன்மை, 'தி' என்றால் ஒருமை என்று சுருங்கியது. 'மெஜாரிட்டி' என்ற சொல்லிடம் இந்தச் சுருக்கம் செல்லாது. 'தி மெஜாரிட்டி ஆஃப் வோட்டர்ஸ்' என்பது, 'தி' முன்னால் இருந்தும், பன்மை வினையைப் பெறுகிறது; வாக்கு வித்தியாசத்தைக் குறிக்கும்போது மட்டும் 'மெஜாரிட்டி' ஒருமைக்குத் திரும்புகிறது.