புலினி-மோன்ராஷே: வெள்ளை வைன்களும் தரவரிசைத் தோட்டங்களும்

புலினி-மோன்ராஷே என்பது பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள பர்கண்டி வட்டாரத்தில், கோத்-தோர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். போன் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், மெர்சோ, ஷசாஞ்-மோன்ராஷே ஆகிய இரு வைன் ஊர்களுக்கு இடையே இது உள்ளது. ஊரின் மக்கள்தொகை 500-ஐக் கூட எட்டாது. ஆனாலும் ஷார்டொனே என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து இங்கு ஆக்கப்படும் வெள்ளை வைன்கள் உலகின் மிக விலையுயர்ந்த வைன்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

ஊரின் பெயரில் வரும் "மோன்ராஷே" முதலில் ஒரு மலைச்சரிவின் பெயர். பின்னர் அச்சரிவிலுள்ள தோட்டத்தின் பெயரானது. ஊருக்கு மிகவும் பிந்தியே வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே திராட்சை, ஒரே குன்று, சில நூறு மீட்டர் தொலைவு என்ற நிலையிலும் ஒரு வரிசைக் கொடிக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடுகிறது. இந்த எல்லைக் கோடுகளை இயற்கை எவ்வளவு வரைந்தது, மனிதர்கள் எவ்வளவு வரைந்தார்கள் என்பதே இவ்வூரின் வரலாற்றில் மையமான கேள்வி.

நிலமும் மண்ணும்

தோட்டங்கள் கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிய சுண்ணாம்புக்கல் சரிவில் உள்ளன. இப்பாறைகள் ஜுராசிக் காலத்துக் கடலடிப் படிவங்கள். சரிவின் உச்சியில் மண் மெலிந்து கற்கள் மிகுந்திருக்கும். கொடியின் வேர்கள் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கியே நீர் தேட வேண்டும். நடுச்சரிவில் சுண்ணாம்புக் கற்களும் களிமண்ணும் அளவாகக் கலந்துள்ளன. காலை வெயில் நன்றாகப் படும். மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். அடிவாரத்தில் மேலிருந்து அரித்து வந்த மண் சேர்ந்து, களி மிகுந்து ஆழமாக உள்ளது. அதற்கும் கீழே சமவெளியில் ஈரம் அதிகம்.

தரவரிசையும் பெரும்பாலும் இந்தப் படிகளையே பின்பற்றுகிறது. மிக உயர்ந்த நிலையான "கிரான் குரூ" தோட்டங்கள் ஊரின் தென்பகுதிச் சரிவில் உள்ளன. அடுத்த நிலையான "பிரமியே குரூ" தோட்டங்கள் அதே சரிவில் வடக்கே மெர்சோ எல்லை வரை நீள்கின்றன. ஊர்ப்பெயரை மட்டும் தாங்கும் தோட்டங்கள் அவற்றுக்குக் கீழே, ஊரைச் சுற்றி உள்ளன. சமவெளியில் விளையும் திராட்சை பர்கண்டி என்ற பொதுப்பெயரிலேயே விற்கப்படுகிறது.

துறவிகள் முதல் புரட்சி வரை

"மோன்ராஷே" என்பதற்கு "மொட்டைமலை" என்று பொருள் கூறுவர். மேற்புறம் மரம் வளராத, கல் நிறைந்த சரிவைக் குறித்த பெயர் அது. எழுத்தில் உள்ள இரண்டு "ட்" எழுத்துகளும் பிரெஞ்சு ஒலிப்பில் மறைந்துவிடுவதால் பிறநாட்டவர் இப்பெயரைப் பலவாறு உச்சரிக்கின்றனர். 13-ஆம் நூற்றாண்டில் மெசியேர் மடத்தைச் சேர்ந்த சிஸ்டெர்சியத் துறவிகள் இப்பகுதியில் திராட்சை நிலங்களைப் பெற்றிருந்தனர். ஊருக்கு மேலேயுள்ள பிளாஞி என்ற குக்கிராமத்திலும் அவர்களது பண்ணை இருந்தது.

18-ஆம் நூற்றாண்டில் மோன்ராஷேயின் புகழ் நாடு கடந்திருந்தது. அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1787-இல் பர்கண்டி வழியே பயணம் செய்தபோது, மோன்ராஷே ஒரு புட்டி 48 சூ என்றும் பக்கத்து மெர்சோ 6 சூ மட்டுமே என்றும் குறித்துவைத்தார். சட்டப்படியான தரவரிசை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தை இந்தச் சரிவுக்கு எட்டு மடங்கு விலை வைத்திருந்தது.

1789-இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சி மடங்களின் நிலங்களைத் தேசவுடைமையாக்கி ஏலத்தில் விற்றது. 1804-ஆம் ஆண்டின் குடியியல் சட்டம் பிள்ளைகள் அனைவருக்கும் சொத்தில் சம உரிமை அளித்தது. தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்ததால் ஒரே தோட்டத்துக்குள் பல உரிமையாளர்கள் உருவாயினர். பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோ வட்டாரத்தில் தரவரிசை மாளிகைகளுக்கும் அவற்றின் பெயர்களுக்கும் அளிக்கப்பட்டது. பர்கண்டியிலோ தரம் நிலத்துக்கே உரியது. உரிமையாளர் மாறினாலும் தோட்டத்தின் தரம் மாறாது.

ஊருக்கு வந்த பெயர்

1855-இல் மருத்துவர் ஜூல் லவால் கோத்-தோர் திராட்சைத் தோட்டங்களைப் பற்றிய விரிவான நூல் ஒன்றை வெளியிட்டு, மோன்ராஷேயை வெள்ளை வைன்களின் முதலிடத்தில் வைத்தார். 1861-இல் போன் நகர வேளாண் குழு தோட்டங்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்து வரைபடம் வெளியிட்டது. பிற்காலச் சட்டங்களுக்கு இவ்விரண்டுமே அடித்தளமாயின.

இதற்கிடையே, புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரை ஊர்ப்பெயருடன் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பர்கண்டியில் பரவியது. 1847-இல் ஜெவ்ரே என்ற ஊர் ஷாம்பெர்தான் தோட்டத்தின் பெயரைச் சேர்த்து ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஆயிற்று. மோன்ராஷே தோட்டமோ ஏறத்தாழ சரிபாதியாக இரு ஊர்களில் கிடந்தது. சுமார் 8 எக்டேரில் பாதி புலினியிலும் மறுபாதி ஷசாஞ் ஊரிலும் இருந்தன. எனவே 1879-இல் இரண்டு ஊர்களும் அப்பெயரை எடுத்துக்கொண்டன. அன்று முதல், தோட்டத்தில் ஒரு கொடியும் இல்லாதவரின் வைனிலும் அதன் பெயர் இடம்பெறலாயிற்று. "மோன்ராஷே", "புலினி-மோன்ராஷே" என்ற இரண்டையும் வாங்குவோர் இன்றும் குழப்பிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

பெயர் சேர்ந்த காலத்திலேயே பேரழிவும் வந்தது. கொடியின் வேரை உறிஞ்சி அழிக்கும் பிலோக்செரா என்ற நுண்பூச்சி, 1878-இல் பக்கத்து ஊரான மெர்சோவில் கண்டறியப்பட்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஷார்டொனேயை ஒட்டுக்கட்டி நடுவதே இறுதியில் தீர்வானது. மறுநடவுச் செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் நிலத்தை விற்றன. பொறியாளரான ஜோசப் லெஃப்லேவ் 20-ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் இவ்வூரில் நிலங்களை வாங்கி மறுநடவு செய்தார். அவர் தொடங்கிய பண்ணையே பின்னர் ஊரின் மிகப் புகழ்பெற்ற பண்ணையாயிற்று.

சட்டமும் எல்லைக் கோடும்

1935-இல் பிரான்சில் பிறப்பிடப் பெயர்களைப் பாதுகாக்கும் சட்டமுறை உருவானது. 1937-இல் மோன்ராஷேயும் அதைச் சூழ்ந்த கிரான் குரூ தோட்டங்களும் ஊர்ப்பெயரும் தனித்தனிப் பிறப்பிடப் பெயர்களாக அறிவிக்கப்பட்டன. புலினியில் முழுமையாகவோ பகுதியாகவோ உள்ள கிரான் குரூ தோட்டங்கள் நான்கு:

மோன்ராஷே: நடுச்சரிவில் சுமார் 8 எக்டேர், புலினிக்கும் ஷசாஞ் ஊருக்கும் பொது.

ஷெவாலியே-மோன்ராஷே: மோன்ராஷேக்கு மேலே, கல் மிகுந்த சரிவில் சுமார் 7.5 எக்டேர், முழுவதும் புலினியில் உள்ளது.

பத்தார்-மோன்ராஷே: மோன்ராஷேக்குக் கீழே, ஒரு குறுகிய பாதைக்கு அப்பால் ஏறத்தாழ 12 எக்டேர், இரு ஊர்களுக்கும் பொது.

பியன்வெனூ-பத்தார்-மோன்ராஷே: பத்தாரின் வடகிழக்கு மூலையில் சுமார் 3.7 எக்டேர், முழுவதும் புலினியில் உள்ளது.

ஐந்தாவதான கிரியோ-பத்தார்-மோன்ராஷே ஷசாஞ் எல்லைக்குள் அடங்குகிறது. ஷெவாலியே என்றால் குதிரைவீரன்; பத்தார் என்றால் முறைகேடாகப் பிறந்தவன்; பியன்வெனூ என்றால் நல்வரவு. மோன்ராஷே பிரபு, சிலுவைப் போருக்குச் சென்ற அவருடைய மகன், பிரபுவுக்கு முறையற்ற வழியில் பிறந்த குழந்தை ஆகியோரை வைத்து இப்பெயர்களுக்கு ஒரு கதை கட்டப்பட்டுள்ளது. அது வரலாறன்று, உள்ளூரார் சொல்லி மகிழும் கதை.

1937-இல் வரைந்த கோடுகளும் அசையாதவை அல்ல. மோன்ராஷேக்கு வடக்கே அதை ஒட்டியிருக்கும் லே கய்யரே தோட்டத்தில் "தெமுவாசெல்", அதாவது "குமாரிகள்", எனப்படும் பகுதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த, மணமாகாத இரு சகோதரிகளால் வந்த பெயர் அது. அதில் ஏறத்தாழ ஓர் எக்டேர், லூயி லத்தூர், லூயி ஜாதோ ஆகிய இரண்டு வைன் வணிக நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்தது. 1939-இல் அந்த ஓர் எக்டேர் ஷெவாலியே-மோன்ராஷேயுடன் சேர்க்கப்பட்டது. எஞ்சிய பகுதி பிரமியே குரூவாகவே நின்றுவிட்டது. இரண்டு துண்டுகளுக்கும் இடையே மலை இல்லை, ஓடை இல்லை. மண்ணும் சரிவும் பழைய புகழும் வாதங்களைத் தருகின்றன. கோடு எங்கே விழுகிறது என்பதை மனிதர்களே முடிவு செய்கின்றனர்.

பிரமியே குரூ தோட்டங்கள்

புலினியில் 17 பிரமியே குரூ பெயர்கள் உள்ளன. மொத்தப் பரப்பு சுமார் 100 எக்டேர். பத்தாருக்கும் பியன்வெனூவுக்கும் வடக்கே ஒட்டியுள்ள லே புசெல், தரத்தில் கிரான் குரூவுக்கு இணையானது என்று பலர் கருதுவர். மெர்சோ எல்லையிலுள்ள லே கொம்பெத் சற்றுச் செழிப்பான வைனைத் தரும். மேற்சரிவில் பரந்துள்ள லே ஃபொலத்தியேர், கல்வெட்டிய குழிகளால் பெயர்பெற்ற லே பெரியேர், கிளவொயோன், ரெஃபேர், ஷான் கனே ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

பிளாஞி குக்கிராமத்தில் திராட்சையின் நிறமே பெயரை மாற்றுகிறது. அங்கு புலினி எல்லைக்குள் விளையும் வெள்ளை வைன் புலினி-மோன்ராஷே பெயரில் வரும். அதே நிலத்தில் பினோ நுவார் நட்டுச் சிவப்பு வைன் ஆக்கினால் அது "பிளாஞி" எனப்படும். விலை வேறுபாட்டால் சிவப்புக் கொடிகள் அங்கு குறைந்துவருகின்றன.

வைன் ஆக்கமும் நிலவறையும்

பறித்த திராட்சையைப் பிழிந்து, சாற்றை 228 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்களில் நொதிக்க வைப்பது இங்குள்ள மரபு. நொதித்தபின் வைன் தன் வண்டலின் மேலேயே பல மாதங்கள் தங்கி முதிர்கிறது. மெர்சோ வைனில் வெண்ணெய், கொட்டைப் பருப்பு மணம் முன்னிற்கும் என்றால், புலினி வைனில் வெள்ளைப் பூக்கள், எலுமிச்சை மணத்துடன் இறுக்கமான புளிப்பு முன்னிற்கும் என்பது பொதுவான ஒப்பீடு.

ஊரில் நிலத்தடி நீர்மட்டம் உயரமாக இருப்பதால் ஆழமான நிலவறைகளைத் தோண்ட முடிவதில்லை. வைனை இரண்டாம் குளிர்காலம் வரை குளிர்ச்சியில் வைத்துக் காக்கும் வசதி பலருக்கு இல்லை. எனவே மெர்சோவைப் போலப் பல உழவர்கள் தாமே புட்டியில் அடைத்து விற்கும் வழக்கம் இங்கு வளரவில்லை. விளைச்சலின் பெரும்பங்கு நெடுங்காலமாகப் போன் நகர வணிகர்களுக்கே போனது.

புகழுக்கு வந்த சோதனைகள்

1976-இல் பாரிசில் பிரெஞ்சு நடுவர்கள் புட்டிப் பெயர் மறைத்துச் சுவைத்த போட்டியில், வெள்ளை வைன்களில் கலிபோர்னியாவின் ஷத்தோ மான்டலீனா ஷார்டொனே முதலிடம் பெற்றது. பத்தார்-மோன்ராஷேயும் லெஃப்லேவ் பண்ணையின் புலினி-மோன்ராஷே லே புசெலும் அதில் பின்தங்கின. ஒரு போட்டியின் மதிப்பெண் நூற்றாண்டுத் தரவரிசையைக் கவிழ்த்துவிடவில்லை. ஆனாலும் உலகின் பிற பகுதிகளிலும் ஷார்டொனே உயர்தர வைன் தரும் என்பது அதன்பின் மறுக்க முடியாததாயிற்று.

1990-களின் நடுப்பகுதி விளைச்சல்களிலிருந்து வேறொரு சிக்கல் தோன்றியது. பதினைந்து, இருபது ஆண்டுகள் தாங்க வேண்டிய பர்கண்டி வெள்ளை வைன்கள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிச் சுவை இழந்தன. ஒரே பெட்டியில் ஒரு புட்டி நன்றாகவும் அடுத்தது கெட்டும் இருந்தது. தக்கை, பிழியும் முறை, கந்தகத்தின் அளவு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. அதன் விளைவாகப் பல பண்ணைகள் தம் முறைகளை மாற்றின. சிலர் தக்கையின் வகையையே மாற்றினர்.

தோட்டப் பராமரிப்பிலும் மாற்றம் வந்தது. ஆன்-குளோட் லெஃப்லேவ் 1990-களில் தம் பண்ணையை வேதிப்பொருள் தவிர்த்த உயிர்ம வேளாண்மைக்கு மாற்றினார். பர்கண்டியில் அம்முறை பரவ அவர் முன்னோடியாக இருந்தார். 2015-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் பர்கண்டியின் பெயர்பெற்ற திராட்சை நிலத்துண்டுகள் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஏழு பண்ணைகள், இரண்டு பீப்பாய்கள்

2016 ஏப்ரல் இறுதியில் விழுந்த உறைபனி, இளந்தளிர்களைக் கருக்கியது. வழக்கமாகப் பனி தாக்காத மோன்ராஷேயும் அம்முறை தப்பவில்லை. சில உரிமையாளர்களுக்குக் கிடைத்த திராட்சை ஒரு பீப்பாயை நிரப்பவும் போதவில்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் பங்கிட்டுக்கொண்ட தோட்டத்தில் லெஃப்லேவ் பண்ணையின் பங்கு 0.08 எக்டேர் மட்டுமே. நல்ல ஆண்டிலும் அது ஏறத்தாழ ஒரு பீப்பாய், அதாவது சுமார் 300 புட்டிகள்தான்.

அந்த ஆண்டு ஏழு பண்ணைகள் தம் திராட்சையை ஒன்றுசேர்த்து, லெஃப்லேவ் பண்ணையில் ஒரே வைனாக ஆக்கின. கிடைத்தது இரண்டு பீப்பாய்கள். மற்ற ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தம் பெயரை முன்னிறுத்தி, தனித்தனியே மிக உயர்ந்த விலைக்கு விற்பவர்கள். புரட்சியும் பாகப்பிரிவினையும் துண்டாக்கிய தோட்டத்தின் ஏழு பங்குகள் அந்த ஓர் அறுவடையில் மட்டும் மீண்டும் ஒன்றாயின. வைனின் பெயரோ மாறவில்லை. அது என்றும் போல் நிலத்தின் பெயரான மோன்ராஷேதான்.